விளக்குமீனுக்கு ஒரு பிடி உப்பு

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் கேலி செய்ய வேண்டாம். கரடிக்குப் பயம், இடிக்குப் பயம், குளிர்காய்ச்சலுக்குப் பயம், மேகத்துக்கு மேலே எங்கோ உறுமிக்கொண்டு போகும் ஏரோப்ளேனுக்குப் பயம். ஆனால் யுத்தம் நடந்த அந்த வருஷம் கொல்லிமலையில் என் ஈரக்குலையை நடுங்க வைத்தது இவை எதுவும் இல்லை. என் ஆள்காட்டி விரல் நீளம்தான் இருக்கும், செத்து எத்தனையோ காலமான ஒரு மீன்.

அது எப்படி மலைக்கு வந்தது என்று சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் மதராஸில் ஒரு காலேஜில் விலங்கியல் பாடத்துக்கு உதவி வாத்தியார். சப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மதராஸே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியபோது, காலேஜில் இருந்த ஜாடிகளையும் பங்கு பிரித்து ஊர் ஊராக அனுப்பினார்கள். ஆழ்கடல் மீன்கள் இருந்த இரண்டு பெட்டிகள் இவர் தலையில் விழுந்தன. வெக்கையில் ஜாடியில் உள்ள ஸ்பிரிட் ஆவியாகிப் போய்விடும், குளிர்ந்த இடமாக வேண்டும் என்றார்கள். நான் பிறந்த ஊர் மலையடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டி. எங்கள் அப்பாவுக்குத் தெரிந்த காப்பித் தோட்டக்காரர் ஒருவருடைய வீடு மலைமேல் பெரக்கரை நாடு என்கிற பகுதியில் பூட்டிக் கிடந்தது. அங்கே போகலாம் என்று இவர் முடிவு செய்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்போது ரோடு ஏது, பஸ் ஏது? ஒற்றையடிப் பாதைதான். மலைக்காரர்கள் நாலு பேர் பெட்டிகளைத் தண்டில் கட்டித் தூக்கிக்கொண்டு முன்னால் போக, நான் பத்தடிக்கு ஒரு தரம் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். மேலே போய்ச் சேர்ந்தபோது முழங்கால் இரண்டும் தனித்தனியாக ஆடின. தண்டின் முன்பக்கம் தூக்கியவர்தான் பிறகு வாராவாரம் மிளகு மூட்டையோடு கீழே சந்தைக்குப் போய், எங்கள் அப்பா வீட்டிலிருந்து எனக்குக் கடிதம் கொண்டுவந்து கொடுத்தவர். அவருடைய பெண்சாதி எங்களுக்குத் தண்ணீர் எடுத்து ஊற்ற வந்தாள். என்னைவிட நாலைந்து வயது பெரியவள். அவளை நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவள் என்னை அம்மிணி என்றாள்.

பெட்டியைத் திறந்து அந்த ஜாடியை இவர் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டியபோது நான் கத்தியே விட்டேன். முகத்தில் பாதி கண். வாய் கண்ணையும் தாண்டிப் பின்னால் போயிருந்தது. முதுகில் ஒரு துடுப்பு, அதற்குப் பின்னால் எலும்பே இல்லாத சதைத்துணுக்கு மாதிரி இன்னொன்று. செதில் பாதிக்குமேல் உதிர்ந்து போயிருந்தது. வயிற்றோரம், விலாவில், வாலடியில் என்று வரிசை வரிசையாக வெள்ளைப் புள்ளிகள், சட்டைக்குத் தைத்த பொத்தான் மாதிரி.

"என்னங்க இது, ஒடம்பு பூராக் கண்ணு வெச்சிருக்குது?"

"கண்ணு ரெண்டுதான் புள்ளே. மத்ததெல்லாம் விளக்கு."

விளக்குமீன் என்றுதான் அவர் அதைச் சொன்னார். உயிரோடு இருக்கும்போது அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றும் நீலமாக எரியுமாம். ஒவ்வொரு வகைக்கும் புள்ளிகளின் அடுக்கு வேறு, எண்ணிக்கை வேறு. அதை வைத்துத்தான் இது இன்னது என்று சொல்ல முடியும். எங்கள் கல்யாணத்துக்கு முன் அவர் ஒரு கப்பலில் போய் ஆழ்கடலில் வலைபோட்டுப் பிடித்த மீன்கள் அவை. அந்த ஒன்றுக்கு மட்டும் வாலடியில் மற்றவற்றுக்கு இல்லாத ஒரு புள்ளி கூடுதலாக இருந்தது. இந்த வகையை இதுவரை யாரும் எழுதியதில்லை என்று அவருக்கு நினைப்பு. ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைப் படம் போட்டு, விவரம் எழுதி அனுப்பினால் அவருடைய பேர் விளங்கும்.

படம் போடுகிற வேலை என்னுடையது. அதில் மட்டும் எனக்குப் பயம் கிடையாது. மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டு வரை படித்தவள், கை ஆடாது. பூதக்கண்ணாடியில் பார்த்து, பேனா முனையால் புள்ளி புள்ளியாக வைத்தே நிழலும் வெளிச்சமும் கொண்டுவர வேண்டும். தலையில் ஆரம்பித்து வால் பக்கம் போனேன். ஒரு நாளைக்கு ஒரு நகக்கண் அளவுதான் முடியும்.

"இது எங்கீங்க இருக்கும்?" என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன்.

வாயால் சொன்னால் போதாதா? நடுமத்தியானம் அது. எழுந்து போய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். கதவைச் சாத்தினார். கதவுச் சந்தில் கோணிச்சாக்கைத் திணித்தார். என் கையே எனக்குத் தெரியவில்லை.

"இதுக்கும் மேல இருட்டு" என்றது அவர் குரல். "இதுக்கும் மேல குளுரு. கீழ உங்க ஊருல இருந்து இங்க ஏறி வந்தமே, அந்த ஒசரத்துக்குத் தண்ணி தலைக்கு மேல நிக்குதுன்னு வெச்சுக்க. பகலெல்லாம் அதுக்கு அடியில கெடக்கும். பொழுது எறங்குனா மேல ஏற ஆரம்பிக்கும். தண்ணி மட்டத்துக்கிட்ட வந்து, பொடிப்பொடிப் பூச்சிகளத் தின்னுட்டு, விடியறதுக்குள்ள மறுபடி எறங்கிரும்."

"தெனமுங்களா?"

"தெனமும்."

ஒரு தரம் ஏறிவிட்டு மூன்று நாள் கால் பிடித்துவிட்டுக்கொண்டவள் நான். அந்த விரல் நீள உடம்பு தினம் ஒரு மலை ஏறி இறங்குகிறது என்றால் எனக்கு எப்படி இருக்கும்! எப்படி முடிகிறது என்று கேட்டேன். முதுகெலும்புக்குக் கீழே ஒரு காற்றுப்பை இருக்கும், அதுதான் உடம்பைத் தூக்கிக்கொடுக்கும் என்றார். சில வகையில் வளர்ந்த பிறகு அந்தப் பையில் கொழுப்பு அடைத்துக்கொள்ளுமாம். இதற்கு எப்படி என்று அறுத்துப் பார்த்தால்தான் தெரியும், ஆனால் இருப்பது ஒன்று, அறுக்கக்கூடாது என்றார்.

"மனுசன் அவ்வளவு ஆழத்துக்குப் போனா என்னாகுமுங்க?"

"போவான். வரமாட்டான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"மொதல்ல கதவத் தொறங்க" என்று நான் போட்ட சத்தத்தில் வெளியே தண்ணீர்க்குடத்தோடு வந்துகொண்டிருந்த அக்கா நின்றுவிட்டாள்.

அவள் அந்த அறைக்குள் வரவே மாட்டாள். வாசற்படியோடு சரி. நான் பயந்ததுபோல் அவள் மீனைப் பார்த்துப் பயப்படவில்லை. அவளுக்கு அது பாவமாக இருந்தது. மலையில் இருக்கிற கோயிலை ஒட்டி ஓடும் ஆற்று மீன்கள் அவர்களுக்குச் சாமி. முதல் படையல் அதுகளுக்குத்தான், பிறகுதான் கோயிலுக்குள் இருக்கிறவருக்கு. எந்தக் காலத்திலோ வெளியூரான் ஒருவன் அந்த மீனைப் பிடித்து அறுத்துக் குழம்பு வைத்தானாம். கொதிக்கிற சட்டிக்குள்ளேயே துண்டுகள் ஒன்றோடொன்று கூடி, முழு மீனாகி, ஆற்றுக்குள் துள்ளிப் போய்விட்டதாம். இதை அவள் கதை மாதிரிச் சொல்லவில்லை. போன வாரம் பக்கத்துத் தோட்டத்தில் பலா பழுத்தது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

"சாடிக்குள்ள நிக்க வெச்சிருக்கறீங்களே, அதுக்கு மூச்சு முட்டாதுங்களா?" என்று கேட்டாள்.

"செத்த மீனுக்கு ஏதக்கா மூச்சு" என்றேன்.

கொஞ்ச நாளில் அவருக்கு உத்தரவு வந்தது. அவர் முன்னே போன அந்தக் கப்பலை யுத்தத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். கடலில் எதிரி போட்டு வைக்கிற வெடிகளை வாருகிற வேலை. கடலின் ஆழம் அளக்கத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள், இவரும் சரி என்று எழுதிப் போட்டிருக்கிறார். அதையும் என்னைக் கேட்காமல்தான். நான் அழுதேன், திட்டினேன், ஒருவேளை சோறு திங்காமல் கிடந்தேன். ஒன்றும் பலிக்கவில்லை.

"மாசத்துக்கு ஒருக்கா ஸ்பிரிட் ஊத்து. விளக்கப் பக்கத்துல கொண்டு போயிராத, குப்புனு புடிச்சுக்கும். படத்த முடிச்சு வெய்யி. மீன அறுத்துராத" என்று நாலே நாலு சொல்லிவிட்டு மலையிறங்கினார். கீழே அம்மா வீட்டில் போய் இரு என்று யார் சொல்லியும் நான் கேட்கவில்லை. அவர் திரும்பி வரும்போது ஜாடி காய்ந்து கிடந்தது என்ற பேர் எனக்கு வேண்டாம். இரவில் அக்கா வந்து துணைக்குப் படுத்துக்கொள்வாள். பகலெல்லாம் நானும் மீனும்தான்.

மழைக்காலம் பிடித்தது. வீட்டுக்குப் பின்னால் நின்றால் சமவெளி முழுக்கத் தெரியும். அங்கே காலையில் பனிமூட்டம் நிறைந்து, அப்படியே மட்டமாக, வெள்ளையாக நிற்கும். எங்கள் அப்பா வீடு, கிணறு, மாட்டுக்கொட்டாய் எல்லாம் அதற்கு அடியில் இருக்கின்றன என்று நினைத்துவிட்டால் போதும், எனக்கு மூச்சு முட்டும். உள்ளே ஓடி வந்து கதவைச் சாத்திக்கொள்வேன். சாத்தினால் இருட்டு. மறுபடி திறப்பேன். இந்தக் கூத்து தினமும் நடந்தது.

கடிதங்கள் வந்தன. ஒவ்வொன்றையும் என் கைக்கு வருமுன் யாரோ ஒரு அதிகாரி பிரித்துப் படித்து, யுத்த ரகசியம் என்று பட்ட வரிகளைக் கறுப்பு மையால் பூசி அனுப்பினார். கடைசியாக வந்த கடிதம் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். "இங்கே ஒரு அதிசயம்" என்று ஆரம்பித்திருந்தார். பிறகு இரண்டு வரி கறுப்பு. "அடியே இல்லாத நடுக்கடலில் அடி தெரிகிறது. பொழுது இறங்கினால் அந்த அடி எங்களை நோக்கி மேலே ஏறி வருகிறது." மறுபடி ஒரு வரி கறுப்பு. அதற்குப் பின்னால், "நீ பயப்படாதே."

பயப்படாதேயாம்! கடலின் அடி எழுந்து மேலே வருகிறது என்று எழுதிவிட்டு ஒரு மனிதன் இப்படி எழுதுவானா? அந்தக் கறுப்பு வரியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன், தண்ணீர் தொட்டுத் தேய்த்துத் தாள் கிழிந்ததுதான் மிச்சம்.

அதன் பிறகு கடிதம் இல்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். அக்காவின் புருஷன் சந்தையிலிருந்து வரும்போது நான் பாதையில் நிற்பேன். தூரத்திலேயே அவர் இல்லை என்று தலையை ஆட்டிவிடுவார், நான் அங்கேயே உட்கார்ந்துவிடுவேன்.

ஒருநாள் அவருக்குப் பதிலாக எங்கள் அப்பாவே ஏறி வந்தார். கையில் குடை, மடியில் பழுப்புக் கவர். இங்கிலீஷில் இருந்தது. மிஸ்ஸிங் என்ற ஒரு வார்த்தை எனக்குப் புரிந்தது. கப்பல் முழுகிப்போய்விட்டது, ஆளைக் காணோம்.

"வா கண்ணு, ஊட்டுக்குப் போயிரலாம்" என்றார் அப்பா.

"அவரு வந்து தேடுனா? நீங்க போங்க. நான் வரமாட்டேன்" என்று கத்தினேன். பாவம், என்ன செய்வார். இரண்டு நாள் இருந்து பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

அப்பா போன அன்று மத்தியானம் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். மூட்டம் ஜன்னல் வரைக்கும் வந்து நின்றது. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கீழே போனது மேலே வருமா? போவான், வரமாட்டான் என்று அவர் சொன்னது காதிலேயே நின்றது. மீன் வருகிறதே, தினமும் வருகிறதே, அதனிடம் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட்டால் ஏதோ ஒரு ஆறுதல் கிடைக்கும் என்று தோன்றிவிட்டது. புத்தி பேதலித்தவள் வேறு எப்படி யோசிப்பாள்? மீனை ஜாடியிலிருந்து எடுத்து மெழுகு ஊற்றிய தட்டில் படுக்கவைத்தேன், குண்டூசி குத்தினேன், அவருடைய சின்னக் கத்தியை எடுத்து வயிற்றைக் கீறினேன்.

ஆடாத கை அன்றைக்கு ஆடியது. செவுளுக்குப் பின்னால் குடல், ஈரல், அதற்கு மேலே முதுகெலும்பை ஒட்டி நெல் அளவுக்கு ஒரு பை. கிள்ளிப் பார்த்தேன். காற்று இல்லை. வெள்ளைவெளேர் என்று கொழுப்பு. பையில் அந்தக் கொழுப்போடுதான் அது மலை ஏறி இறங்கியிருக்கிறது, அது வேறு விஷயம். எனக்குத் தெரிந்ததெல்லாம் காற்று இல்லை என்பதுதான். கத்தி வழுக்கியது. வால் தனியாக வந்துவிட்டது.

வால்! அந்தக் கூடுதல் புள்ளி இருந்த வால். படத்தில் நான் இன்னும் போடாமல் விட்டிருந்த வால். பதறிப்போய்த் துண்டைத் தொட்டேன், தோல் மெழுகோடு ஒட்டி உரிந்துவிட்டது. இருந்த புள்ளிகளில் எது எது என்றே தெரியவில்லை.

நான் போட்ட ஓலத்தில் அக்கா ஓடி வந்தாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவள் படியைத் தாண்டி உள்ளே வந்தது.

"அவரு இருக்கற கடலு மீனுக்கா" என்றேன். "அறுக்காதேன்னு சொல்லிட்டுப் போனாரு. அறுத்துப்போட்டேன். ரெண்டா அறுத்துப்போட்டேன். அவரு இனி வரமாட்டாரு."

அவள் தட்டைக் குனிந்து பார்த்தாள்.

"இதுக்கா சாமி அழுவறீங்க? அறுத்த மீனு மறுபடி ஒண்ணாக் கூடிக்காதுங்களா?"

"ஐயோ, சும்மா இருக்கா! அது உங்க ஊருக் கதை. இது ஸ்பிரிட்டுல கெடந்த பொணம்" என்று சீறி விழுந்தேன். அவள் என் முகத்தைத் துடைத்துவிட்டுக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். நான் துண்டுகளின் மேல் ஸ்பிரிட் நனைத்த துணியைப் போர்த்திவிட்டுப் படுத்தேன்.

காலையில் எழுந்து பார்த்தால் துணி இருக்கிறது, தட்டு காலி. அக்காவையும் காணவில்லை. அவள் வீட்டுக்கு ஓடினேன். அவள் புருஷன் களத்தில் சாமை காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"கோயிலாத்துக்குப் போறேன்னுட்டு விடியறதுக்குள்ள கெளம்பிட்டாளுங்க. பொழுதோட வந்துருவாளுங்க."

எனக்கு விளங்கிவிட்டது. கோயில் ஆறு அங்கிருந்து பாதி நாள் நடை. துரத்திக்கொண்டு போனேன். காட்டுக்குள் நுழைந்ததும் மூட்டம் கவிந்தது, ஐந்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை, பக்கத்தில் ஏதோ மிருகம் புதரை முறித்தது. போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டேன். நான் பயந்தாங்கொள்ளி என்று முதலிலேயே சொல்லியிருக்கிறேன்.

பொழுது சாயும்போது அவள் வந்தாள். முழங்கால்வரை நனைந்திருந்தாள். நான் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். அது ஒன்றுதான் உலகத்திலேயே இருந்தது, அதை வைத்துத்தான் அவர் பேர் நிற்க வேண்டும், நீ யார் அதைத் தொட, உனக்கென்ன தெரியும் என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன்.

அவள் சேலைக் கரையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்.

"ரெண்டு துண்டையும் எலையில ஒண்ணாச் சேத்து வெச்சு வுட்டேனுங்க அம்மிணி. கடலு மீனுன்னு சொன்னீங்களே, நம்மாத்துத் தண்ணி அதுக்குச் சேருமோ சேராதோன்னு, மடியில கொண்டு போன உப்பையும் போட்டேனுங்க. அது கூடிக்கிச்சுன்னா அவுங்களும் முழுசா வந்துருவாங்க."

அந்த வருஷம் உப்பு மலை ஏறுவதே பெரும்பாடாக இருந்தது. சாமையும் மிளகும் கொடுத்து வாங்கி வருவார்கள், உப்பில்லாமல் களி தின்ற நாளும் உண்டு. எனக்கு அதெல்லாம் தெரியும். தெரிந்தும் நான் சமாதானமாகவில்லை. "இனி இந்தப் பக்கம் வராதே" என்றேன். அவளும் உள்ளே வரவில்லை. ஆனால் காலையில் படிக்கட்டில் தண்ணீர்க்குடம் இருக்கும். இரவில் வெளியே யாரோ இருமுகிற சத்தம் கேட்டால் அவள்தான், திண்ணையில்லாத அந்த வீட்டின் சுவரோரம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பாள். கதவைத் திறந்து உள்ளே கூப்பிட எனக்குக் கௌரவம் விடவில்லை.

அதற்குப் பிறகு இருந்த பயத்தை எப்படிச் சொல்வது? எதிரே மீன் இருந்தவரை அதைப் பார்த்துப் பயந்தேன். அது போன பிறகு காலி ஜாடியைப் பார்த்துப் பயந்தேன். தலையும் உடம்பும் போட்டு வால் இல்லாமல் நின்ற படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். மாசம் தவறாமல் மற்ற ஜாடிகளுக்கு ஸ்பிரிட் ஊற்றினேன்.

பனி குறைந்து மிளகு பறிக்கிற சமயம். கீழே பாதையில் அப்பாவின் குரல் கேட்டது. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வருகிறார், இரைக்கிறது, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. அவருக்குப் பின்னால் நாலு பேர் மூங்கிலில் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். முன்னே பெட்டி வந்த அதே மாதிரி. தூளி பக்கத்தில் வந்து இறங்கியது. எலும்பும் தோலுமாக அவர் படுத்திருந்தார். என்னைப் பார்த்து, "ஸ்பிரிட் ஊத்துனியா புள்ளே?" என்றார்.

உயிர் போய் உயிர் வந்தது. கட்டிக்கொண்டு அழுதேன், திட்டினேன், மறுபடி அழுதேன். அப்புறம்தான் கவனித்தேன். போர்வைக்குக் கீழே ஒரு கால் இருந்த இடம் தட்டையாக இருந்தது. வலது கால், முழங்காலுக்குக் கீழே.

கப்பல் உடைந்தபோது இரும்பு விழுந்து நசுங்கிய காலோடு ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு அவரும் சிலரும் இரண்டு ராத்திரி தண்ணீரில் கிடந்திருக்கிறார்கள். வேறொரு கப்பல் எடுத்துப் போய் ஏதோ ஒரு துறைமுகத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தது. காலை எடுத்த பிறகும் காய்ச்சலில் பேர் சொல்லக்கூட நினைவில்லாமல் மாசக்கணக்கில் கிடந்தாராம். இதை அவர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். விளக்கை அணைக்க விடமாட்டார். அவர் பயப்பட்டு நான் பார்த்தது அப்போதுதான்.

"மொத ராத்திரி கீழயிருந்து வெளிச்சம் ஏறி வந்துச்சு புள்ளே" என்றார். "நீலம் நீலமா. ஆயிரம் பதினாயிரம். எங்க காலச் சுத்தி. கூட இருந்தவங்க பேயின்னு அலறுனாங்க. ஒருத்தன் பலகைய வுட்டுட்டே போயிட்டான். வெரலு நீளம்தான்டா, ஒண்ணும் பண்ணாதுடான்னு கத்தினேன். எனக்கும் பயந்தான். கண்ண மூடிக்கிட்டு உன்ற படத்த நெனச்சுக்கிட்டேன். தலையில இருந்து ஒவ்வொரு புள்ளியா எண்ணிக்கிட்டே வந்தேன். தூங்காம இருந்தேன்."

கடிதத்தில் எழுதிய அந்த அடி என்ன என்று கேட்டேன். கப்பலில் சத்தத்தைக் கீழே அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்து ஆழம் பார்ப்பார்களாம். இல்லாத தரையில் பட்டதுபோல் அது பாதியிலேயே திரும்பியது, அந்தத் தரை சாயங்காலமானால் ஏறியது, விடிந்தால் இறங்கியது. கப்பலில் ஒருவருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. தண்ணீரில் கிடந்தபோதுதான் அவருக்குச் சந்தேகம் தட்டியது. அத்தனையும் இந்த மீன்கள்தான், கூட்டம் கூட்டமாக ஏறி இறங்குவதுதான் என்று. அவர் நினைத்தது சரி என்று எத்தனையோ வருஷம் கழித்துப் புத்தகத்தில் படித்தேன்.

"நம்ம மீன எடு" என்றார்.

சொல்லத்தானே வேண்டும். அறுத்ததைச் சொன்னேன், வாலைச் சொன்னேன், ஆற்றையும் உப்பையும் சொன்னேன். அவர் படத்தையாவது காட்டு என்றார். சுவர்ப்பக்கம் இருந்ததைத் திருப்பிக் கொடுத்தேன். வாலில்லாத அந்தப் படத்தை வைத்து யாரும் எதையும் எழுத முடியாது என்று என்னைவிட அவருக்குத் தெரியும். படத்தைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். "சரியான சோடிதான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்காவுக்குச் சேதி போய்விட்டது. தோட்டத்திலிருந்து மிளகுக்கூடையோடு அப்படியே ஓடி வந்தாள். நான் வராதே என்று சொன்னதெல்லாம் அவளுக்கு ஞாபகமில்லை. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதை வாசலிலிருந்தே பார்த்து, முகம் எல்லாம் மலர்ந்து, "வந்துட்டீங்களா சாமி! வந்துட்டீங்களா!" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அப்போது அவர் கால் இல்லாத இடத்தை மறைக்கப் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். அவள் கும்பிட்ட கை அப்படியே நின்றது.

படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மடியை இரண்டு கையாலும் கசக்கிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு கை உப்பு கொண்டு போனேனுங்க அம்மிணி" என்றாள். "ஒரு கைய ஆத்துல போட்டேன். ஊட்டுல களிக்கு உப்பில்லையேன்னு நெனச்சுட்டேன். ஒரு கைய மடியிலயே திருப்பிக் கொண்டாந்துட்டேனுங்க."

நான் எட்டு வரை படித்தவள். அந்த மீனின் வயிற்றுக்குள் பார்த்தவள். கால் எப்படிப் போனது என்று அவர் வாயாலேயே கேட்டவள். இருந்தும் அந்த நிமிஷம் எனக்கு அவள்மேல் வந்த கோபத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இன்னொரு கை உப்பையும் ஏன் போடவில்லை என்ற கேள்வி தொண்டைவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனேன், எங்கள் உப்புச் சட்டியைத் தூக்கி வந்தேன், இருந்ததெல்லாம் அவள் மடியில் கவிழ்த்தேன். அவள் வேண்டாம் வேண்டாம் என்று அழுதாள். நான் அவள் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்து, சட்டியின் அடியில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்துப் போட்டேன்.